பாசி போகணும்... நத்தை சாகக் கூடாது! கொளத்தூர் மீன் கடைத் தெருவில் ஒரு காலை

ரெட்டேரி சிக்னலில் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது மணி எட்டரை. ஞாயிற்றுக்கிழமை. என் கையில் ஒரு தயிர் டப்பா. அதற்குள் கொஞ்சம் தண்ணீர், ஒரு மஞ்சள் நத்தை.

சென்னையில் மீன் வளர்ப்பவர்களிடம் ‘கொளத்தூர்’ என்று சொன்னால் போதும், மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. தெருவுக்குள் நுழைந்ததுமே மோட்டார்களின் ‘உர்ர்ர்’ சத்தம் வரவேற்கிறது. கடை வாசலில் காற்று ஊதிய பிளாஸ்டிக் கவர்கள் தொங்குகின்றன. ஒன்றில் கப்பி, ஒன்றில் மோலி, இன்னொன்றில் தங்க மீன். ஃபைட்டர் மீன்கள் மட்டும் ஆளுக்கொரு டப்பாவில் தனிக்குடித்தனம். பக்கத்தில் விட்டால் சண்டை! அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்த ஒரு குட்டிப் பையன் எல்லாவற்றையும் காட்டி “இது வேணும்” என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

எனக்கு எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஒரு பதில் மட்டும் வேண்டும்.

பெரம்பூரில் பாட்டி வீட்டு ஹாலில் இரண்டடி மீன் தொட்டி ஒன்று இருக்கிறது. தாத்தாவுடையது. போன வருடம் அவர் தவறிய பிறகு, மீனுக்குத் தீனி போடுவதைப் பாட்டி நிறுத்தவில்லை. ஆனால், கண்ணாடி துடைக்க அவரால் முடியாது. முழங்கால் வலி. பாசி படர்ந்து தொட்டியே பச்சைப் பலகை மாதிரி ஆகிவிட்டது. உள்ளே தாத்தா கடைசியாக வாங்கி விட்ட மூன்று நத்தைகள்.

போன வாரம் உதவி செய்கிறேன் என்று கிளம்பியவள் நான்தான். பாசியைக் கரைக்கும் மருந்து ஒரு பாட்டில் வாங்கி, மூடியில் அளந்து ஊற்றினேன். மறுநாள் காலை இரண்டு நத்தைகள் அடியில் அசையாமல் கிடந்தன. மூன்றாவது தண்ணீரை விட்டு மேலே ஏறி, விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. பாட்டி திட்டவில்லை. “தாத்தா ஒரு பழைய கார்டை வச்சுத்தான் சுரண்டுவாரு” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

“என்னம்மா ஊத்துன?”

இருபது வருடமாக மீன் விற்கும் ஒரு கடைக்கார அண்ணனிடம் டப்பாவை நீட்டினேன். முதல் கேள்வியே அதுதான். போனில் இருந்த பாட்டில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். “இதோ பாரு, காப்பர்.”

தாமிரம் பாசியைக் கொல்லும். நத்தையையும் இறாலையும் அதைவிட வேகமாகக் கொல்லும். தோட்டக்காரர்கள் பயன்படுத்தும் மயில்துத்தம் தாமிர உப்புதான். பாசி மருந்துகள் சிலவற்றிலும், மீனுக்கு வரும் வெள்ளைப் புள்ளி நோய்க்கான சில மருந்துகளிலும் இந்தத் தாமிரம் இருக்கிறது. மீன் தாங்கிக்கொள்ளும் அளவை நத்தை தாங்காது. லேபிளில் பொடி எழுத்தில் அது எழுதியும் இருந்தது. நான் படிக்கவில்லை.

“இதைத் தனியா ஒரு பக்கெட்ல வை. தொட்டித் தண்ணிய ஒரேயடியா மாத்தாதே, மீனுக்கு ஆகாது. கொஞ்சம் கொஞ்சமா நாலஞ்சு தடவை மாத்து. ஃபில்டர்ல கார்பன் போடு. கல்லு, மணல்லயும் காப்பர் தங்கும். மூணு வாரம் கழிச்சு நத்தையை விடு.”

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒரு நாள் திறந்து வைத்தோ, குளோரின் நீக்கும் சொட்டு மருந்து விட்டோதான் பயன்படுத்த வேண்டும் என்றும் சொன்னார்.

எண்ணு, நகர்த்து, அப்புறம் சுரண்டு

பிறகு, காலியாக இருந்த நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, தன் கடைத் தொட்டி ஒன்றிலேயே செய்து காட்டினார். உங்கள் வீட்டிலும் நத்தை இருந்தால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, நத்தைகளை எண்ணுவது. எத்தனை, எங்கே என்று தெரியாமல் கையை விடக் கூடாது. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் நத்தையை வெடுக்கென்று இழுத்தால் அதன் பாதத் தசை கிழியலாம். ஓட்டைப் பிடித்து, கண்ணாடியோடு ஒட்டியபடியே பக்கவாட்டில் மெல்ல நகர்த்தினால் பிடி விட்டுவிடும். “கதவைத் தட்டுற மாதிரி ஓட்டை லேசாத் தொடு. அதுவே உள்ள போய் மூடிக்கும்.”

பழுப்பு நிறத்தில் மாவு மாதிரி படிவது மென்மையான பாசி. புதுத் தொட்டிகளில் அதிகம் வரும். அதற்குப் பழைய ஏ.டி.எம். கார்டு போதும். பச்சைப் புள்ளியாக இறுகியிருப்பதற்கு பிளேடு வேண்டும். சாய்த்துப் பிடித்து, சின்னச் சின்னதாக, மேலிருந்து கீழே. அக்ரிலிக் தொட்டி என்றால் பிளேடு வைக்கவே கூடாது, கோடு விழும்.

காந்தத் துடைப்பான் வசதிதான். ஆனால், அதற்கு அடியில் குட்டி நத்தை சிக்கினால் நசுங்கிவிடும். மணல் துகள் சிக்கினால் கண்ணாடியில் கீறல். அதனால் மணலுக்கு இரண்டு விரல் மேலேயே நிறுத்திவிட வேண்டும்.

சோப்பு கூடாது. பாத்திரம் தேய்த்த ஸ்பாஞ்ச் கூடாது. தொட்டிக்கென்று தனி ஸ்பாஞ்ச் வைத்துக்கொள்ள வேண்டும். வெளிப்பக்கக் கண்ணாடிக்கு ஈரத்துணியே போதும். கண்ணாடி துடைக்கும் ஸ்பிரேயைத் தொட்டி அருகே அடித்தால் சாரல் உள்ளே விழும்.

நம்மூர் உப்புத் தண்ணீரில் மேல் விளிம்பில் வெள்ளைக் கோடு படியுமே... அதற்கு எலுமிச்சை, வினிகர் போட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு. அந்தப் படிவும் நத்தையின் ஓடும் சுண்ணாம்புச் சத்துதான். ஒன்றைக் கரைக்கும் புளிப்பு இன்னொன்றையும் அரிக்கும். காலித் தொட்டியில் மட்டும் அதைச் செய்யலாம்.

சுரண்டி முடித்ததும் மிதக்கும் பாசியைக் குழாய் வைத்து உறிஞ்சி, கால் பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும்.

“பின்பக்கக் கண்ணாடியை மட்டும் விட்டுடு” என்றார். ஏன் அண்ணா? “அது நத்தைக்குச் சாப்பாடும்மா. எல்லாத்தையும் நீயே சுரண்டிட்டா அது என்ன திங்கும்?”

நத்தை வேலைக்காரன் இல்லை

கண்ணாடியைச் சுத்தம் செய்யத்தானே நத்தை என்று நினைத்திருந்தேன். என்னிடம் இருக்கும் மிஸ்டரி நத்தை மென்பாசியையும் மிச்சத் தீனியையும் மேயுமே தவிர, இறுகிய புள்ளிகளை அதிகம் தொடாதாம். நெரைட் நத்தை அந்த வேலையை நன்றாகச் செய்யும். பதிலுக்குக் கல்லெல்லாம் வெள்ளைப் புள்ளியாக முட்டையிட்டு வைக்கும். நல்ல தண்ணீரில் அவை பொரிப்பதில்லை. பாசி குறைவாக இருந்தால் வேகவைத்த கீரையோ வெள்ளரித் துண்டோ போடலாம். ஓட்டுக்கு வலு சேர்க்க, லவ்பேர்ட்ஸ் கூண்டில் தொங்கவிடும் கணவாய் ஓடு ஒரு துண்டு.

பாசி திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் வெளிச்சமும் தீனியும். விளக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம் போதும். ஜன்னல் வெயில் நேராக விழக் கூடாது. மீன் இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவுதான் தீனி. பாட்டி ஒரு நாளைக்கு நான்கு முறை போடுகிறார். தனிமைக்கு அது ஒரு துணை என்று எனக்கு அங்கேதான் உறைத்தது. தீனியைக் குறைக்கச் சொல்லாமல், அதே அளவை நான்காகப் பிரித்துக் கொடுக்கலாம் என்று முடிவு செய்தேன்.

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார்: “வேண்டாம்னு தோணினா கடையில குடு. ஏரியில மட்டும் விட்றாதே.” தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கி, வளர்ந்ததும் நீர்நிலைகளில் விடப்பட்ட சக்கர் மீன்கள் இன்று தமிழ்நாட்டு ஏரிகளில் வலையைக் கிழித்துக்கொண்டு திரிகின்றன. ஆப்பிள் நத்தை வகைகளும் வெளியே போனால் நீர்ச்செடிகளை மொட்டையடித்துவிடும். ரெட்டேரி அந்தத் தெருவிலிருந்து தூரமே இல்லை.

ஒரு மாதம் கழித்து...

நத்தை பிழைத்துக்கொண்டது. மூன்று வாரம் பக்கெட்டில் இருந்துவிட்டு தொட்டிக்குத் திரும்பியது. அடுத்த ஞாயிறு, தாத்தாவின் பழைய கார்டை பாட்டியே அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நாற்காலியைத் தொட்டி பக்கத்தில் இழுத்துப் போட்டு, நத்தை எங்கே போகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

மேல் விளிம்புக்குக் கை போனபோது, “ஏய், அங்க சுரண்டாதே!” என்றார்.

தண்ணீருக்கு மேலே, மூடிக்குக் கீழே, இளஞ்சிவப்பாக ஒரு கொத்து. மிஸ்டரி நத்தை தண்ணீருக்கு வெளியேதான் முட்டையிடும். துணை போன பிறகும் பல மாதம் வரை அதனால் முட்டையிட முடியும்.

முன்கண்ணாடியை மட்டும் துடைத்துவிட்டு கார்டைக் கழுவி வைத்தேன். இப்போது தினமும் காலையில் பாட்டியிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வருகிறது. பாதி மங்கலாக, பாதி அவர் விரலோடு, அந்த முட்டைக் கொத்து.