புலிக்கும் ஒரு நியாயம்

வீடியோ விளையாட்டு ஒன்றின் தரத்தை நிச்சயிப்பதற்கு நான் நெடுநாளாகக் கைக்கொண்டு வரும் பரீட்சை எளியது: அதில் என்னை எதிர்த்து நிற்கும் பகைவன் எத்தகையவன் என்று பார்ப்பேன். திரையில் விரியும் காட்சிகளின் அலங்காரமும், இசையின் கம்பீரமும், கதையின் விஸ்தாரமும் முதற் சந்திப்பில் மனத்தைக் கவரக்கூடியவையே ஆயினும், சில வாரங்கள் கழிந்த பின்னர், வேலை முடிந்து களைத்துத் திரும்பும் ஒருவனை மறுபடியும் அந்த ஆட்டத்தின் முன் உட்கார வைக்கும் சக்தி அவற்றுக்கு இல்லை. வெல்லத்தக்க எதிரி ஒருவன் அங்கே காத்திருக்கிறான் என்ற நினைவுக்கே அந்தச் சக்தி உண்டு. எதிரி மனிதனாயிருந்தால் அவன் சாமர்த்தியத்தைப் புகழ்ந்தோ பழித்தோ விட்டுவிடலாம். இயந்திரக் கணக்கினால் இயங்குபவனாயிருந்தாலோ, அவனுக்கு அறிவையும் சுபாவத்தையும் நேர்மையையும் அளித்த சிற்பியைப் பற்றி நாம் பேச வேண்டியவர்களாகிறோம்.

வாலாஜாபாத்தில் இருந்துகொண்டு இதைப் பேசுவது பொருத்தமே என்று நினைக்கிறேன். இவ்வூரிலிருந்து ஒரகடம் வழியாக வண்டலூர் செல்லும் சாலையில், ஷிஃப்ட் மாறும் வேளைதோறும் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகின்றன. காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் செல்போனும் உருவாகும் தொழிற்சாலைகளை நாடி, தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வந்து, ரூம் எடுத்து நான்கைந்து பேராகத் தங்கியிருக்கும் இளைஞர்களில் பலர், அந்தப் பஸ்களில் தலை கவிழ்ந்து செல்போனில் ஆடிக்கொண்டே செல்வதை நாள்தோறும் காண்கிறோம். காலவிரயம் என்று பெரியவர்கள் கடிந்துகொள்கிறார்கள். அக்கவலையை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆயினும் அவ்விளைஞர்களின் பேச்சைச் சற்றே செவிமடுத்துக் கேட்டால், ஒரு கலையை ஆராய்பவர்களுக்குரிய விவேகம் அதில் இருப்பது விளங்கும். "அவன் வெறும் பாட் மச்சான், அவனை அடிச்சதுல என்ன இருக்கு" என்று ஒருவன் சலித்துக்கொள்கிறான். "எதுல செத்தேன்னே தெரியல" என்று மற்றொருவன் குமுறுகிறான். பாட் என்னும் அறிவற்ற இயந்திர எதிரியை வென்றதில் பெருமை இல்லை என்பது முன்னவன் தீர்ப்பு. காரணம் விளங்காத தோல்வி அநியாயம் என்பது பின்னவன் தீர்ப்பு. ஆட்டத்தின் அமைப்பைப் பற்றி எனக்குள்ள அபிப்பிராயங்கள் யாவும் இவ்விரண்டிலிருந்தே கிளைப்பவை.

இந்தப் பிரதேசத்துக்கும் கைபேசி விளையாட்டுக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தியைத் தொடங்கி 2014-இல் மூடப்பட்ட தொழிற்சாலை நோக்கியா கம்பெனியினுடையது. அக்கம்பெனியின் போன்களோடு கூடவே உலகெங்கும் பரவியது பாம்பு விளையாட்டு. டானெலி அர்மான்டோ என்ற பின்லாந்துப் பொறியாளர் 1997-இல் வெளிவந்த 6110 என்ற போனுக்காக அதை எழுதினார். அதில் எதிரி என்று தனியே எவரும் இல்லை. இரையை உண்ணும்தோறும் பாம்பு நீள்கிறது. நீண்ட உடலே அதன் வழியை அடைக்கிறது. நம்முடைய ஒவ்வொரு வெற்றியும் அடுத்த சிரமத்தைத் தானே உண்டாக்குகிறது. சிரமம் என்பது வெளியிலிருந்து திணிக்கப்படாமல் ஆட்டத்தின் உள்ளிருந்தே வளர வேண்டும் என்ற உண்மையை இவ்வளவு சிக்கனமாக எடுத்துக் காட்டிய படைப்பு வேறொன்றை நான் அறியேன். 2000-இல் வந்த 3310 போனில் பான்டுமி என்ற ஆட்டமும் இருந்தது. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் வழங்கும் குழியாட்டங்களின் குடும்பத்தைச் சேர்ந்த அது, நம்முடைய பல்லாங்குழிக்கு உறவு.

எதிரிக்குச் சுபாவம் அளிப்பது எப்படி என்று அறிய விரும்புவோர் 1980-இல் ஜப்பானில் நாம்கோ கம்பெனிக்காக டோரு இவாடானி வடிவமைத்த பேக்-மேன் என்ற ஆட்டத்தை ஊன்றிப் பார்க்க வேண்டும். வாயைத் திறந்து மூடியபடி புள்ளிகளைத் தின்றுகொண்டு ஓடும் வட்ட உருவம் ஒன்றை நான்கு பேய்கள் துரத்துகின்றன என்பது மேலெழுந்தவாரியாகப் பார்ப்பவர் சொல்லும் வருணனை. உண்மையில் அந்நால்வரும் நான்கு விதமாகச் சிந்திக்கிறார்கள். சிவப்புப் பேய் நாம் நிற்கும் இடத்தையே குறிவைத்து வருகிறது. இளஞ்சிவப்புப் பேய் நாம் செல்லும் திசையில் நான்கு கட்டம் முன்னே உள்ள இடத்தை நோக்கிச் சென்று வழிமறிக்கிறது. நீலப் பேய், சிவப்புப் பேய் இருக்கும் இடத்தையும் நம் போக்கையும் சேர்த்துக் கணக்கிட்டு மறுபுறமிருந்து வருகிறது. ஆரஞ்சுப் பேயோ தொலைவில் இருக்கும்போது துரத்தி, எட்டுக் கட்டத்துக்குள் நெருங்கியதும் தன் மூலைக்கே திரும்பிவிடுகிறது. நான்கு வரியில் எழுதிவிடக்கூடிய இந்த விதிகள் ஒன்றோடொன்று கலக்கும்போது, நான்கு மனங்கள் கூடி நமக்கு எதிராக ஆலோசனை செய்வது போன்ற பிரமை உண்டாகிறது. நான் மிகவும் போற்றும் அம்சம் இன்னொன்று. குறித்த இடைவெளிகளில் அப்பேய்கள் துரத்துவதை விட்டுத் தத்தம் மூலைகளுக்குக் கலைந்து செல்கின்றன. ஆடுபவன் மூச்சுவிட அவகாசம் கிடைக்கிறது. ஆட்டத்தை இயற்றியவர் ஆடுபவனிடம் காட்டிய மரியாதை அது.

இத்தகைய மரியாதையை நம் முன்னோர் கல்லிலும் தரையிலும் கோடு கிழித்து வைத்திருக்கிறார்கள். கோயில் மண்டபங்களின் தரைக்கற்களில் வெட்டப்பட்டிருக்கும் ஆடுபுலி ஆட்டத்தின் கோடுகளைக் கடந்து செல்லாத தமிழர் இருக்கமாட்டார். மூன்று புலி, பதினைந்து ஆடு, கோடுகள் சந்திக்கும் 23 புள்ளிகள். நான் அறிந்த முறையில், ஆடுகளை உடையவன் ஒவ்வொன்றாகவே இறக்க வேண்டும். யாவும் இறங்கி முடியும்வரை வைத்த ஆட்டை நகர்த்தலாகாது. புலியோ தொடக்கத்திலிருந்தே நகரலாம். பக்கத்தில் ஆடும், அதற்கு நேர் அப்பால் வெற்றுப்புள்ளியும் இருந்தால் தாண்டிக் கொல்லலாம். ஆட்டினால் புலியைக் கொல்ல இயலாது. புலிக்கு நகர இடமில்லாதபடி நெருங்கி நின்று அடைத்துவிடுவதே ஆடுகளுக்கு வெற்றி.

இரு தரப்புக்கும் பலம் சமமாக இல்லாத இந்த ஆட்டத்தில் நியாயம் மட்டும் எவ்வாறு சமமாக இருக்கிறது என்பதை நான் பலமுறை சிந்தித்திருக்கிறேன். புலியின் கொடுமை அளவிடப்பட்ட கொடுமை. அது எங்கிருந்து பாயும், எந்தப் புள்ளியில் இறங்கும் என்பவை ஆட்டுக்காரனுக்கு முன்கூட்டியே தெரியும். இரண்டு ஆடுகளை நேர்க்கோட்டில் அடுத்தடுத்து நிறுத்திவிட்டால் அந்தத் திசையில் புலி தாண்ட முடியாது என்பதும் தெரியும். ஆகவே ஓர் ஆட்டை இழந்தவன் புலியைக் குறை சொல்வதில்லை. தான் விட்ட வெற்றுப்புள்ளியைத் திரும்பிப் பார்க்கிறான். எதிரி நம்மைவிட வல்லவனாயிருக்கலாம், வேறு விதிகளின்படியும் இயங்கலாம். அவ்விதிகள் நமக்கு மறைக்கப்படாமல் இருந்தால் போதும். இன்று கோடிக்கணக்கான பணத்தைக் கொட்டி உருவாக்கப்படும் ஆட்டங்கள் பலவற்றில் இந்த ஒன்றையே காணோம் என்பது என் குறை.

எதிரியின் அறிவு, ஆடுபவனுக்குத் தெரியும்படி வெளிப்பட்டாலன்றி அறிவாக மதிக்கப்படுவதில்லை. 2001-இல் வெளிவந்த ஹேலோ என்ற ஆட்டத்தை இயற்றியவர்கள் கூறிய செய்தி இது: எதிரிகளின் உயிர்வலிமையைக் கூட்டியபோது, ஆடிப் பார்த்தவர்கள் எதிரிகளுக்குப் புத்தி கூடிவிட்டதாகவே எண்ணினார்கள். எதிரி தன் யுக்தியைக் காட்டி முடிப்பதற்குள் மாண்டுவிட்டால், அந்த யுக்தி இருந்தும் இல்லாததற்குச் சமம். 2005-இல் வந்த ஃபியர் என்ற ஆட்டத்தில் வரும் போர்வீரர்கள் இதற்கு மற்றொரு திருஷ்டாந்தம். தமக்கு அளிக்கப்பட்ட நோக்கங்களையும் செய்யக்கூடிய செயல்களையும் கொண்டு அவ்வப்போது தாமே திட்டமிடும் அவர்கள், ஒருவருக்கொருவர் உரக்கக் கூவிக்கொள்கிறார்கள். இயந்திரத்துக்குள் அவர்களுக்கு அந்தக் கூச்சல் தேவையே இல்லை. நமக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகவே அது அமைந்தது. பக்கவாட்டில் ஒருவன் சுற்றி வருவதைக் காதால் அறிந்து நாம் இடம் மாறும்போது, மதிக்கத்தக்க ஒருவனோடு போரிடும் திருப்தி உண்டாகிறது. 2014-இல் வந்த ஏலியன்: ஐசொலேஷன் என்ற ஆட்டத்தில், நாம் இருக்கும் இடத்தை எப்போதும் அறிந்த சூத்திரதாரி ஒருவன் மறைவில் இருந்தாலும், அவன் நம்மைத் தேடும் மிருகத்துக்கு ஏறக்குறைய எந்தப் பக்கம் என்ற ஜாடையை மட்டுமே தருகிறான், மிருகம் தன் கண்ணாலும் காதாலும்தான் நம்மைக் கண்டுபிடிக்க வேண்டும். சுவருக்கு அப்பால் நிற்பவனைக் குறிதவறாமல் சுடும் எதிரிகளைப் படைப்பவர்கள் இந்தக் கட்டுப்பாட்டைப் பாடமாகக் கொள்ளலாம்.

சிரமத்தைக் கூட்டுவதற்கு மிகவும் சோம்பலான வழி, எதிரியின் உயிரை இரட்டிப்பாக்கி அவன் அடியையும் இரட்டிப்பாக்குவது. கடினம் என்று தலைப்பிட்ட நிலையைத் தேர்ந்தெடுத்தால், அதே மூடன் அதே இடத்தில் நின்று, முன்னிலும் அதிக நேரம் சாக மறுக்கிறான். கார்ப் பந்தய ஆட்டங்களில் நாம் எவ்வளவு திறமையாக முந்தினாலும், பின்னால் வரும் வண்டிகள் திடீரென்று வேகம் பெற்று நம்மை ஒட்டியே வந்துவிடுவது இதற்கு உடன்பிறந்த தந்திரம். ஆடுபவன் தன் உழைப்புக்குப் பலனில்லை என்று ஒருமுறை கண்டுகொண்டால், அதன்பின் அவன் ஆட்டத்தை நம்புவதில்லை.

கடினம் வேறு, கொடுமை வேறு. பிரவுசிங் சென்டர்களின் காலத்தில் நம் ஊர்ப் பையன்கள் மிகவும் விரும்பி ஆடிய ஐஜிஐ என்ற ஆட்டத்தில், ஒரு பணியின் நடுவே சேமித்து வைக்கும் வசதி கிடையாது. கடைசிக் கதவருகே சுடப்பட்டாலும் முதலிலிருந்தே தொடங்க வேண்டும். அந்த அச்சமே ஒவ்வோர் அடியையும் மதிப்புடையதாக்கிற்று என்று அதை ஆதரிப்போர் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் தெரிந்த பாதையைத் திரும்பத் திரும்ப நடக்கச் செய்வதால் புதிதாகக் கற்பது ஒன்றுமில்லை என்பதே என் பக்ஷம். ஹிடெடாகா மியாசாகியின் இயக்கத்தில் 2011-இல் வந்த டார்க் சோல்ஸ் இவ்விஷயத்தில் சிறந்தது. ஓங்கிய வாளை எதிரி வீசுவதற்கு முன் அவன் தோளும் காலும் அசையும் விதத்திலேயே வரப்போகும் அடி எழுதப்பட்டிருக்கிறது. இறந்தவன் இழந்த பொருள் இறந்த இடத்திலேயே கிடக்கிறது. மீண்டும் சென்று எடுத்துக்கொள்ள ஒரு வாய்ப்பும் உண்டு. அங்கே பலமுறை தோற்றேன். ஒருமுறையேனும் வஞ்சிக்கப்பட்டதாக உணரவில்லை.

வல்லமையின் எல்லையைச் சதுரங்கம் காட்டிவிட்டது. 1997-இல் டீப் புளூ என்ற இயந்திரம் சதுரங்க மேதை காஸ்பரோவை வென்ற பின்னர், இன்று கைபேசியில் ஓடும் சதுரங்க நிரலே எந்த மனிதனையும் வெல்லக்கூடியதாகிவிட்டது. மாமல்லபுரத்தில் 2022-இல் நடந்த செஸ் ஒலிம்பியாடுக்குப் பின் நம் ஊர்களிலும் குழந்தைகள் சதுரங்கம் கற்க வந்தார்கள். அவர்களுக்காக இயந்திரத்தின் பலத்தைக் குறைத்து வைத்தால், பல காய்களை மகாமேதையைப் போல நகர்த்திவிட்டு, திடீரென்று ராணியைக் காரணமின்றிப் பலி கொடுக்கிறது. மனிதன் தவறும் விதமாகத் தவறுவதற்கு இயந்திரம் பிரயாசைப்பட்டுக் கற்க வேண்டியிருக்கிறது. வெல்லும் எதிரியைப் படைப்பது எளிதென்றும், நமக்கு ஏற்ற அளவில் அறிவோடு தோற்கும் எதிரியைப் படைப்பதே கலை என்றும் இதனால் தெளிகிறேன்.

பஸ்ஸில் கேட்ட பேச்சில் வந்த பாட் என்னும் போலி வீரனைப் பற்றி எனக்குக் கடுமையான அபிப்பிராயம் உண்டு. 2020 செப்டம்பரில் இந்தியாவில் பப்ஜி என்ற கைபேசிப் போர் விளையாட்டு தடை செய்யப்பட்டு, 2021-இல் பிஜிஎம்ஐ என்ற பெயரில் மீண்டு வந்தது. அவ்வகை ஆட்டங்களில் புதிதாக நுழைபவனுக்கு எதிராக, மனிதர்களைப் போலவே பெயர் சூட்டப்பட்ட இயந்திர வீரர்கள் கலந்து இறக்கப்படுகிறார்கள். தொடக்கத்திலேயே துவண்டுவிடாதபடி பழக்குவதற்கு அது அனுகூலமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பழகுவதற்கான எதிரி என்று வெளிப்படையாகச் சொல்லி நிறுத்தினால் ஒருவரும் ஆட்சேபிக்கமாட்டார். மனித வேடம் புனைந்து, தோற்றுக் கொடுத்து, தான் வீரன் என்ற பொய்யான நம்பிக்கையை ஓர் இளைஞன் மனத்தில் விதைப்பது அவனுக்குச் செய்யும் அவமரியாதை. கடக்கமுடியாத சிரமத்தை வேண்டுமென்றே குறுக்கே வைத்து, அதைக் கடக்கும் உபாயத்தைக் காசுக்கு விற்கும் ஆட்டங்கள் இதனினும் கீழானவை.

எளிய நிலையை இழிவாகப் பேசும் வழக்கமும் ஆடுவோரிடையே இருக்கிறது. அதற்கு நான் உடன்படமாட்டேன். எட்டு மணி நேரம் லைனில் நின்று ஒரே திருகாணியை முடுக்கிவிட்டு வந்தவன் விரல்கள், இரவு பத்து மணிக்கு நொடியின் பின்னத்தில் இயங்க மறுத்தால் அது அவன் அறிவின் குறை அன்று. மலையேற்றத்தைப் பொருளாகக் கொண்டு 2018-இல் வந்த செலஸ்ட் என்ற ஆட்டம் மிகவும் கடினமானது. ஆயினும் வேண்டுபவர் ஆட்டத்தின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளவும், விழுந்தாலும் சாகாதிருக்கவும் அதில் வழி செய்திருக்கிறார்கள். மலை மலையாகவே இருக்கிறது. ஏறுபவன் தன் தேகநிலைக்கு ஏற்ற நடையைத் தானே தேர்ந்துகொள்கிறான்.

ஒரகடத்தையும் ஸ்ரீபெரும்புதூரையும் சுற்றியுள்ள கல்லூரிகளில் நிரல் எழுதப் பயிலும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆடுபுலி ஆட்டத்தைக் கைபேசிக்குக் கொண்டுவந்தவர்கள் முன்னரே உண்டு. நீங்கள் புலிக்கு ஒரு சுபாவம் கொடுத்துப் பாருங்கள். ஒரு புலி பசி மிகுந்து அவசரப்படட்டும், ஒன்று பொறுமையாய் மூலையில் காத்திருக்கட்டும், ஒன்று ஆடுகளின் நடுவே வழி தேடட்டும். நிலை உயர உயர அவற்றின் யோசனை ஆழமாகட்டும், விதி மட்டும் மாறாதிருக்கட்டும். விளம்பரம் இடையில் வரவேண்டாம், காசு கொடுத்து ஆடு வாங்கும் வசதியும் வேண்டாம். வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம் செல்வதற்குள் ஓர் ஆட்டம் முடியும்படி அமைத்துத் தாருங்கள். அந்தப் பஸ்களில் ஆடுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள், நானும் இருக்கிறேன்.