மூன்று மேடை, அறுபது பேர்

உடும்பஞ்சோலை ஏலத்தோட்ட லயங்களில் வளர்ந்த எங்களுக்கு மல்யுத்த வீரர்கள் முதலில் சீட்டுக்கட்டில்தான் அறிமுகம். உயரம், எடை, ரேங்க் எல்லாம் மனப்பாடம். பிறகுதான் போடியிலிருந்து அந்த வீடியோ கேசட் வந்தது. 1995 நவம்பர் 26, அமெரிக்காவின் நார்ஃபோக் நகரம். டபிள்யூ.சி.டபிள்யூ. நிறுவனம் மூன்று மேடைகளை அருகருகே போட்டு, 60 பேரை ஒரே நேரத்தில் மோதவிட்டது. மேல் கயிற்றைத் தாண்டி வெளியே எறியப்பட்டால் அவுட். கடைசியாக நிற்பவருக்கு சாம்பியன் பட்டம்.

திரையை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள். எங்கள் சின்ன டி.வி.யில் எறும்புக் கூட்டம்தான் தெரிந்தது. முடிவில் ஹல்க் ஹோகனைக் கீழ்க் கயிற்றுக்கு அடியில் இழுத்துப் போட்டார் ஜெயன்ட். விதிப்படி அது அவுட்டே அல்ல. நடுவர்கள் கவனிக்கவில்லை, பட்டம் ராண்டி சாவேஜுக்கு. ஹோகன் கத்திப் பார்த்தார், எடுபடவில்லை.

எல்லாம் முன்பே பேசி வைத்த நாடகம் என்பது எங்களுக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்திருந்தாலும் கோபம் குறைந்திருக்காது. நாளெல்லாம் காயெடுத்துவிட்டு மாலையில் எடைக்கு நிற்பவள். முள்ளைச் சரியாகப் பார்க்காமல் அரைக் கிலோ குறைத்து எழுதிய நாட்கள் அவளுக்கு உண்டு. "அவன் பாக்கலைன்னா இல்லைன்னு ஆயிடுமா?" என்றாள்.

1998 வரை நான்கு முறை இப்படி நடத்தினார்கள். 2001இல் போட்டி நிறுவனமே டபிள்யூ.சி.டபிள்யூ.வை வாங்கிவிட்டது. அம்மா மட்டும் கடைசிவரை ஹோகன் கட்சிதான்.