மைனஸ் 40... கூரைக்கு ஒரு ஸ்வெட்டர்!

மே மாசம் மொட்டை மாடி சூட்டுல வேகுற நமக்கு, கூரைக்கு ஸ்வெட்டர் மாட்டுற ஊர் ஒண்ணு இருக்குன்னா நம்ப முடியுதா? வாங்க, அலாஸ்கா பக்கம் ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்.

ஊர் பேரு ஃபேர்பேங்க்ஸ். ஆர்க்டிக் வட்டத்துக்குச் சுமார் 190 கிலோமீட்டர் தெற்கே, செனா ஆற்றங்கரையில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் சூரியன் 4 மணி நேரம்கூட டூட்டி பார்க்க மாட்டார். மைனஸ் 40-ஐத் தொட்ட குளிர்காலங்கள் ஏராளம். செல்சியஸா, ஃபாரன்ஹீட்டா என்று குழம்ப வேண்டாம், அந்த ஒரு புள்ளியில் ரெண்டும் ஒண்ணுதான்! 1934 ஜனவரியில் மைனஸ் 54 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியிருக்கிறது. பார்க்கிங்கில் காருக்கே பிளக் பாயின்ட் இருக்கும், இன்ஜினைச் சூடாக வைத்திருக்க. மைனஸ் 40 வந்தால், அங்குள்ள யுனிவர்சிட்டி பசங்க வெப்பநிலை போர்டு பக்கத்தில் நீச்சல் டிரெஸ்ஸில் நின்று போட்டோ எடுத்துக்கிறது வழக்கம். கெத்துன்னா இதுதான் பாஸ்!

சரி, இப்போ ஒரு வீட்டுக்குள்ளே போவோம். தலையை நிமிர்த்திப் பாருங்க. சர்ச்சில் இருப்பதுபோல, கூரையின் சரிவோடு சேர்ந்தே உயர்ந்துபோகிறது உள்கூரை. இதுக்குப் பேரு கதீட்ரல் சீலிங். சூப்பரா இருக்குல்ல? சிக்கலும் அங்கேதான். நடுவில் பரண் கிடையாது. கூரைப் பலகைக்கு அடியில் காற்று ஓட வழி விடாமல் மூடிவிட்டால், உள்ளே போன ஈரம் சுலபமா வெளியே வராது.

ஈரம் எங்கேர்ந்து வருது? நீங்க விடுற மூச்சு, குளியல், அடுப்பில் கொதிக்கிற சூப்... எல்லாத்துலேர்ந்தும்தான். சாம்பார் சட்டியைத் திறந்தா மூடியின் அடியில் தண்ணி முத்து முத்தா நிக்குமே, அதே கதைதான். விளக்கு மாட்டிய ஓட்டை வழியாக மேலே நழுவுகிற சூடான காற்று, ஜில்லென்ற பலகையில் பட்டு உறைபனியாகப் படிகிறது. வசந்தத்தில் அது உருகிச் சொட்டும்போது, 'கூரை ஒழுகுது'ன்னு வீட்டுக்காரர் மேலே ஏறி ஓட்டை தேடுவார். குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருக்கார்!

இது சும்மா பயமுறுத்தல் இல்லை. அதே அலாஸ்காவின் தலைநகர் ஜூனோவில், நடுவில் ஃபோம் வைத்த பலகைப் பேனல்களால் போட்ட கூரைகள் சில வருஷத்திலேயே உளுத்துப்போயின. 2000-களின் தொடக்கத்தில் ஆராய்ந்தபோது, பேனல்கள் ஒன்றோடொன்று சேருகிற இடுக்குகளில்தான் சேதம் அதிகம். ஃபோம் தடிமனாகத்தான் இருந்தது. இடுக்கை ஒழுங்காக அடைக்காததுதான் வினை.

அப்போ என்ன செய்யணும்? ரெண்டே விஷயம். ஒண்ணு, உள்பக்கம் இருந்து காற்று நுழைகிற ஒவ்வொரு சந்தையும் அடைக்கணும். ரெண்டு, ஸ்வெட்டரைப் பலகைக்கு மேலே மாட்டணும். வெப்பத்தைத் தடுக்கும் திறனை அமெரிக்காவில் 'ஆர்' என்ற எண்ணால் அளக்கிறார்கள். ஃபேர்பேங்க்ஸ் மாதிரி கடுங்குளிர் மண்டலத்தில் காற்றோட்டமில்லாத கூரை என்றால், மொத்தம் ஆர்-49 போடும்போது, அதில் ஆர்-35 பலகைக்கு மேலே கெட்டி ஃபோமாக இருக்கணும் என்பது அங்குள்ள மாதிரிக் கட்டட விதி. அங்குலத்துக்கு ஆர்-5 தருகிற ஃபோம் என்றால் 7 அங்குலம்!

ஏன் இந்தக் கணக்கு? வெளியே மைனஸ் 40, உள்ளே 20 என்று வையுங்கள். ஏழில் ஐந்து பங்கு தடுப்பு மேலே இருப்பதால் பலகை சுமார் 3 டிகிரியில் நிற்கும். உறைபனிக்கு நோ என்ட்ரி. எல்லாத்தையும் அடியிலேயே திணித்தால் பலகையும் கிட்டத்தட்ட மைனஸ் 40தான்.

சிவில் படிக்கிற மச்சிகளே, நாளைக்கு எந்தக் குளிர் தேசத்தில் வேலைக்குப் போனாலும் இதை மறந்துடாதீங்க. கூரையில் விழுற பனியைவிட, அடியிலேர்ந்து ஏறுற நம்ம மூச்சுதான் டேஞ்சர்!