இளையாத்தங்குடியில் ஒரு பனி நாட்டு விருந்தாளி

எங்கள் வீட்டில் ஒரு சத்தியாக்கிரகம் நடந்தது. சத்தியாக்கிரகி எட்டு வயதுள்ள என் மகன். காரணம் ஒரு சினிமா. 2022-இல் வெளியான 'ஓ மை டாக்' படத்தை அவன் எத்தனை தடவை பார்த்தானோ, எனக்குக் கணக்குத் தெரியாது. கண் தெரியாத ஹஸ்கி நாய்க்குட்டி ஒன்றை ஊட்டியில் ஒரு சிறுவன் எடுத்து வளர்க்கும் கதை அது. "அதே மாதிரி நாய் வாங்கித் தந்தால்தான் பால் குடிப்பேன்" என்று பையன் சொல்லிவிட்டான்.

விலையை விசாரித்தபோது எனக்குத் தலை சுற்றியது. அப்போதுதான் செட்டிநாட்டு நண்பர் ஒருவர், "காசு எதற்கு ஐயா? இளையாத்தங்குடியில் எங்கள் ஆச்சி வீட்டில் ஒரு ஹஸ்கி இருக்கிறது. போய்ப் பாரும், பிடித்தால் கூட்டிக்கொண்டு வாரும்" என்றார். இலவசம் என்றால் யார்தான் போக மாட்டார்கள்? சித்திரை வெயிலையும் பொருட்படுத்தாமல் ரயில் ஏறிவிட்டேன்.

விடியற்காலையில் காரைக்குடியில் இறங்கினேன். சினிமாவுக்கும் இந்த ஊருக்கும் பழைய உறவு உண்டு. ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் சென்னைக்குப் போவதற்கு முன்னால் இங்கேதான் ஸ்டூடியோ அமைத்திருந்தார். 1947-இல் வந்த 'நாம் இருவர்' இங்கே உருவான படம். பிராணிகளை வைத்துப் படம் எடுப்பதில் பெயர் பெற்ற டைரக்டர் இராம. நாராயணனும் காரைக்குடிக்காரர்தான். 2014-இல் காலமான அவர், குரங்கு, பாம்பு, யானை, நாய் என்று எல்லாவற்றையும் நடிக்க வைத்தவர்!

திருப்பத்தூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த இளைஞர் ஒருவரிடம் என் பயணத்தின் காரணத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"'பரியேறும் பெருமாள்' பார்த்தீர்களா, சார்? கருப்பி ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்டார்.

மறக்க முடியுமா? மாரி செல்வராஜ் 2018-இல் எடுத்த அந்தப் படத்தில், தண்டவாளத்தில் கட்டிப்போடப்பட்டு உயிர்விடும் கருப்பு வேட்டை நாயை நினைத்துத் தியேட்டரில் அழாதவர்கள் குறைவு.

"அந்தப் படத்தில் நடித்த நாய் 2024 தீபாவளிச் சமயத்தில் செத்துப்போயிற்று, சார். பட்டாசுச் சத்தத்தில் மிரண்டு ஓடி, ரோட்டில் வண்டியில் அடிபட்டுவிட்டது. திரையில் செத்தபோது ஊரே அழுதது. ரோட்டில் செத்தபோது பத்திரிகையில் ஒரு மூலைச் செய்தி!"

எனக்குப் பதில் சொல்லத் தோன்றவில்லை. குன்றக்குடி மலையும் பிள்ளையார்பட்டிக் கோபுரமும் பின்னால் போயின. வைரவன்பட்டி வந்ததும் இறங்கிக்கொண்டேன்.

நகரத்தார்களின் ஒன்பது கோயில்களில் வைரவன்பட்டியும் ஒன்று. மூலவர் வளரொளிநாதர் என்றாலும், ஊருக்குப் பெயர் கொடுத்தவர் வைரவர். அவருடைய வாகனம் நாய். வீட்டு வாசலில் நின்றால் நாம் கல்லெடுக்கும் அதே நாய், இங்கே சுவாமியின் பக்கத்தில் நின்று கற்பூர ஆரத்தியில் பங்கு பெறுகிறது. வெளியே வந்தபோது மதில் நிழலில் நிஜ நாய் ஒன்று படுத்திருந்தது. யாரோ அதை "சூ!" என்று விரட்டினார்கள்.

திருப்பத்தூரில் பஸ் மாறிக் கீழச்சிவல்பட்டி வழியாக இளையாத்தங்குடி போய்ச் சேர்ந்தேன். ஒன்பது கோயில்களின் வரிசையில் முதலில் சொல்லப்படுவது இந்த ஊர்தான். சுவாமி கைலாசநாதர், அம்பாள் நித்தியகல்யாணி. இந்தக் கோயிலைச் சேர்ந்த நகரத்தார்களுக்குள் மட்டும் ஏழு பிரிவுகள் உண்டு. 1962-இல் காஞ்சிப் பெரியவர் ஆகம சிற்ப சதஸை இங்கே நடத்தினார். சிற்பிகளும் பண்டிதர்களும் கூடிய ஊரில் நான் போன அன்று நிசப்தம்தான் குடியிருந்தது. பிராகாரத்துக் கல் காலைச் சுட்டது.

ஆச்சியின் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாயில்லை. தெருவில் பூட்டாமல் இருந்த வீடுகளே சிலதான்.

"வாங்க தம்பி, வெயில்ல வந்திருக்கீக. முதல்ல மோர் குடிங்க" என்று ஆச்சி வரவேற்றார். வாசல் திண்ணையில் செம்பட்டை நிற நாட்டு நாய் ஒன்று என்னை முகர்ந்து பார்த்துவிட்டு வழிவிட்டது. அதன் பெயர் மணி. மூன்று குட்டிகளுக்குத் தாய்.

"சினிமா நாய் உள்ளே இருக்கு" என்றார் ஆச்சி.

வளவில், ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில், தண்ணீர் நனைத்த சாக்கின் மேல் அது கிடந்தது. நீலக் கண்கள், ஓநாய் முகம், உடம்பெல்லாம் கம்பளி போல் இரட்டை ரோமம். நாக்கைத் தொங்கப் போட்டு இரைத்துக்கொண்டிருந்தது. நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது. இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். சைபீரியப் பனியில் வண்டி இழுக்கப் பிறந்த ஜாதிக்குச் சித்திரை மாதத்துச் சிவகங்கைச் சீமை!

"சென்னையிலே பேரன் படத்தைப் பார்த்துட்டு வாங்கினான். ஒரு வருஷத்திலே மாடிவீட்டுக்காரங்க சண்டைக்கு வந்துட்டாக. ஒரு வாரத்துக்குன்னு காரிலே கொண்டாந்து விட்டாக. ரெண்டு வருஷம் ஆச்சு."

"இங்கே தொந்தரவு இல்லையா, ஆச்சி?"

"இது குரைக்காது தம்பி, ஊளையிடும்! முதல் நாள் ராத்திரி தெருவே எழுந்து வந்து, 'யார் வீட்டுக்கு எமன் வாரானோ'ன்னு பயந்துபோச்சு" என்று சிரித்தார். பிறகு குரல் தாழ்ந்தது. "கார்ச் சத்தம் கேட்டா இன்னமும் வாசலுக்கு ஓடுது. அவுக வந்துட்டாகன்னு நினைப்பு."

இந்தக் கதை புதிதல்ல. 1943-இல் வந்த 'லாஸி கம் ஹோம்' படத்துக் கோலி நாய் உலகப் புகழ் பெற்றது. பெண் நாயாக நடித்தது பால் என்ற ஆண் நாய்! 1954 முதல் 1973 வரை டெலிவிஷனிலும் 'லாஸி' ஓடியது. கோலிக்கு வீட்டுக்கு வீடு ஆசை பிறந்தது. 1996-இல் '101 டால்மேஷன்ஸ்' வந்தபின் அமெரிக்காவில் வாங்கிய புள்ளி நாய்களில் பல, பிறகு காப்பகங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. நம் நாட்டில் 2003-இல் ஹட்ச் டெலிபோன் விளம்பரத்தில் பையன் பின்னாலேயே போன பக் நாயைப் பார்த்துவிட்டு எத்தனை பேர் அலைந்தார்கள்! சப்பை மூக்கால் மூச்சு விடச் சிரமப்படும் ஜாதி அது என்று விளம்பரம் சொல்லவில்லை. படம் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. நாய் பன்னிரண்டு வருஷம் இருக்கிறது.

"கூட்டிட்டுப் போறீகளா தம்பி?" என்று கேட்டார் ஆச்சி. கேட்டபோதே அவருடைய கை அதன் தலையை விடவில்லை.

சென்னையின் புழுக்கத்தை நினைத்தேன். இங்கே உயர்ந்த கூரை இருக்கிறது. முட்டை வெள்ளை சேர்த்துப் பூசிய குளிர்ந்த சுவர் இருக்கிறது. வேளாவேளைக்குச் சாக்கை நனைக்கும் கை இருக்கிறது. அதை இன்னும் ஒரு வாசலில் காத்திருக்க வைப்பானேன்?

"வேண்டாம், ஆச்சி. அது உங்களிடமே இருக்கட்டும்" என்றேன்.

ஆச்சியின் முகம் மலர்ந்தது. "அப்ப வெறுங்கையோட போகாதீக" என்று எழுந்து போனார். மணியின் குட்டிகளில் ஒன்று, பால் மறந்தது, பெரிய ஓலைக் கொட்டானில் வந்து சேர்ந்தது. நண்பருடைய உறவினர் ஒருவர் அன்று மாலை காரில் சென்னைக்குக் கிளம்பியது என் அதிர்ஷ்டம். மணி தெருமுனை வரை கூட வந்து நின்றது.

வீட்டில் பையன் கொட்டானை எட்டிப் பார்த்தான். முகம் சுருங்கியது.

"இது எந்தப் படத்தில் நடித்தது, அப்பா?"

"இன்னும் நடிக்கவில்லை."

செம்பட்டைக் குட்டி அவன் கட்டைவிரலைச் சப்பத் தொடங்கியது. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே போனான். தன் பங்குப் பாலைக் கிண்ணத்தில் ஊற்றி எடுத்து வந்தான்.