ஒரு நாளின் எடை

2013இல் கனடிய உச்ச நீதிமன்றம் ஒரு மனிதரின் சிறைத்தண்டனையிலிருந்து ஒரேயொரு நாளைக் கழித்தது. இரண்டு ஆண்டுகள் என்றிருந்த தண்டனை, இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு நாள் குறைவு என்றானது. கஞ்சா வளர்த்த வழக்கில் அகப்பட்ட பாம் என்ற வியட்நாமியக் குடியேறியின் மேன்முறையீடு அது. அந்த ஒரு நாளின் எடை சிறைக்குள் இல்லை, குடிவரவுச் சட்டத்தில் இருந்தது. இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ தண்டனை பெற்ற நிரந்தர வதிவாளர், நாடுகடத்தும் கட்டளைக்கு எதிராகக் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவின் கதவைத் தட்டும் உரிமையை இழந்துவிடுவார் என்பதே அன்றைய சட்டம். தண்டனை விதித்த நீதிபதியிடம் இதை இரு தரப்புச் சட்டத்தரணிகளும் சொல்லியிருக்கவில்லை.

அதே ஆண்டு ஜூன் மாதம் நாடாளுமன்றம் அந்த எல்லையை ஆறு மாதங்களுக்கு இறக்கியது.

ரொறன்ரோப் பகுதித் தமிழர் வாழும் ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும் ஒரே கூரையின் கீழ் குடியுரிமை எடுத்த பிள்ளைகள், பல ஆண்டுகளாகியும் நிரந்தர வதிவாளர் (பி.ஆர்.) அட்டையோடு இருக்கும் பெற்றோர், அண்மையில் ஸ்பொன்சரில் வந்திறங்கிய மருமகன் என்று எல்லோரும் இருப்பார்கள். ஒரே குற்றத்துக்கு ஒரே தண்டனை கிடைத்தாலும் அந்த வீட்டில் விளைவு ஒன்றாக இராது. குடியுரிமை பெற்றவர் சிறையிலிருந்து நேரே வீட்டுக்கு வரலாம். மற்றவருக்குச் சிறை வாசலுக்கு அப்பாலும் ஒரு விசாரணை காத்திருக்கும். அந்த இரண்டாவது தண்டனையைக் குற்றவியல் நீதிமன்றத்தில் எவரும் வாசிப்பதில்லை.

கொலை, கொள்ளை செய்பவர்களுக்கல்லவா இந்தக் கவலை என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படியில்லை. மது போதையில் வாகனம் ஓட்டும் குற்றத்துக்கான உச்சத் தண்டனையை 2018 டிசம்பர் 18 முதல் ஐந்து ஆண்டுகளிலிருந்து பத்தாக உயர்த்தினார்கள். உச்சத் தண்டனை பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ உள்ள எந்தக் குற்றமும் குடிவரவுச் சட்டத்தில் பாரதூரமான குற்றம். கல்யாண மண்டபத்திலிருந்து இரவு காரை எடுத்துக்கொண்டு புறப்பட்டவருக்கு முதல் தடவை என்பதால் ஆயிரம் டொலர் அபராதம் மட்டும் விதிக்கப்படலாம். ஒரு நாள்கூடச் சிறை இல்லாமற் போகலாம். ஆனாலும் அவர் நிரந்தர வதிவாளரானால், நாட்டில் தங்கும் தகுதியே கேள்விக்குள்ளாகும். இந்தத் திருத்தம் குடிவரவாளர்மீது போட்ட சுமை அளவுக்கு மீறியது. அபராதத்தோடு முடிந்தவருக்கு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகும் வழியாவது மிச்சமிருக்கிறது.

இவ்வளவும் தெரியாமல்தான் பலர் நீதிமன்றத்துக்குப் போகிறார்கள். வேலைக்கு லீவு எடுத்து, தவணைக்கு மேல் தவணையாக அலைந்து களைத்த ஒருவருக்கு, "ஒப்புக்கொண்டால் இன்றைக்கே முடிந்துவிடும்" என்ற சொல் ஆறுதலாகவே கேட்கும். குற்றவியல் சட்டக்கோவையின் 606ஆம் பிரிவுப்படி, ஒப்புதல் சுயவிருப்பத்தில் வருகிறதா, அதன் தன்மையும் விளைவும் புரிந்ததா என்று நீதிபதி உறுதிசெய்ய வேண்டும். குடிவரவைப் பற்றிக் கேட்கவேண்டும் என்று அந்தப் பிரிவு பெயர் சொல்லிப் பணிக்கவில்லை. அது மாறவேண்டும்.

வொங் என்ற சீனக் குடிமகனுக்கு நேர்ந்தது இதுதான். கொக்கெய்ன் விற்ற வழக்கில் ஒப்புக்கொண்டார். ஒன்பது மாதச் சிறை. அந்த ஒப்புதல் தன்னை நாட்டைவிட்டே அனுப்பக்கூடும் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் விளைவை அறியாமல்தான் ஒப்புக்கொண்டார் என்பதை 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் தெரிந்திருந்தால் வேறு முடிவு எடுத்திருப்பேன் என்று அவருடைய சத்தியக்கடதாசி சொல்லவில்லை. அந்த ஒரு வாக்கியம் இல்லாததால் பெரும்பான்மை நீதிபதிகள் ஒப்புதலை மீளப்பெற விடவில்லை.

விளைவு பிறகு தெரியவந்து மேன்முறையீடு செய்ய நினைப்பவருக்குக் காலமும் குறைவு. ஒன்ராறியோவில் தீர்ப்பையோ தண்டனையையோ எதிர்த்து மேன்முறையீட்டு அறிவித்தல் கொடுக்க, தண்டனை விதிக்கப்பட்ட நாளிலிருந்து 30 நாட்கள். சிறையில் இருப்பவர் சட்டத்தரணி இல்லாமலே படிவத்தை நிரப்பிச் சிறை அதிகாரியிடம் கொடுக்கலாம். நாள் தவறினால் காரணம் காட்டி நீடிப்புக் கேட்க வேண்டும். கிடைக்கும் என்ற உறுதி இல்லை.

நீதிமன்ற மொழி தெரியாத குற்றம் சாட்டப்பட்டவருக்கு மொழிபெயர்ப்பாளர் கிடைப்பதும் சலுகை அல்ல, உரிமைகள் சாசனத்தின் 14ஆம் பிரிவு தரும் உரிமை. ட்ரான் என்ற வியட்நாமியரின் வழக்கில், மொழிபெயர்ப்பாளர் சாட்சியத்தைச் சுருக்கிச் சொன்னது போதாது என்று 1994இல் உச்ச நீதிமன்றம் புதிய விசாரணைக்குக் கட்டளையிட்டது. இன்று ரொறன்ரோ நீதிமன்றத்தில் ஒரு தமிழ்த் தாய், தன் மகனைப்பற்றிப் பேசப்படும் ஒவ்வொரு வரியையும் தமிழில் கேட்கமுடியாமல் பின்வரிசையில் இருக்கலாம். குற்றம் சாட்டப்பட்ட மகனுக்கு ஆங்கிலம் புரியாவிட்டால், அவன் அத்தனை வரியையும் தன் மொழியில் கேட்கும் உரிமை ட்ரான் வழக்கால் உறுதியானது.

ஸ்காபரோ எக்ளிண்டன் வீதியில் நடந்த குற்ற வழக்குகள் 2023இல் ரொறன்ரோ நகர மையத்தின் புதிய நீதிமன்றத்துக்குப் போய்விட்டன. சட்டத்தரணி வைக்க வசதியில்லாதவருக்கு அங்கே இலவசக் கடமைச் சட்டத்தரணி இருப்பார். குடியுரிமை இல்லை என்பதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தெரிந்தால்தான் அரச தரப்போடு வேறு வழி கதைக்க முடியும். நிபந்தனையுடன் வெளியே கழிக்கும் தண்டனை, பாரதூரமான குற்றத்தை அளக்கும்போது சிறைக்காலமாகாது என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வாகன வழக்கு, மாகாண நெடுஞ்சாலைச் சட்டத்தின் கவனக்குறைவான ஓட்டமாகக் குறைந்தால், அது குற்றவியல் சட்டக்கோவைக் குற்றமே அல்ல; அதை வைத்துக் குற்றத்தின் பெயரால் எவரையும் நாடுகடத்த முடியாது.