ஆறாவது தந்தி அடங்கும்வரை

கிற்றார் பழக மூன்று நாள் தங்கப் போகிறோம் என்றபோது வீட்டில் ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. அறிவித்தலில் கிற்றாருக்குப் பக்கத்தில் 'மைண்ட்ஃபுல்னஸ்' என்று இன்னொரு சொல்லும் இருந்ததைக் கண்ட பிறகுதான் கேள்விகள் தொடங்கின. "இது புத்த சமயத் தியானம் எல்லோ, பிள்ளையள்?" என்று அம்மா கேட்டார்.

நியாயமான கேள்வி. தேடிப் பார்த்தோம். 1979இல் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், ஜோன் கபட்-சின் என்பவர் தீராத வலியோடு வாழ்ந்த நோயாளிகளுக்காகத் தொடங்கிய பயிற்சியிலிருந்து பரவியது இது. அவர் புத்த தியானத்தில் பழகியவர்தான். சமயச் சொற்களை எடுத்துவிட்டு மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார். இதைப் போதகரிடம் கொண்டுபோனோம். அவர் உடனே ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. "ஈசாக்கு சாயந்தரம் வயல்வெளிக்கு ஏன் போனார் எண்டு ஆதியாகமம் 24ஐ வாசிச்சிட்டுப் போங்கோ. மனச்சாட்சி ஒப்பாத ஒண்டையும் செய்யவேண்டாம். வந்து எனக்குச் சொல்லவேணும்" என்றார்.

அப்படித்தான் நாங்கள் மூவரும், அக்காவும் இரண்டு தம்பிமாரும், ஓகஸ்ட் மாதத்தில் சென் பாங்கிராஸிலிருந்து ஷெஃபீல்டுக்கும் அங்கிருந்து சின்ன ரயிலில் ஈடேலுக்கும் போய் இறங்கினோம். ஸ்கொட்லாந்து எல்லைவரை போகிற பென்னைன் நடைபாதை தொடங்குகிற ஊர் அது. ஒரு பழைய கல்வீடு, பக்கத்தில் ஒரு களஞ்சியம், சுற்றிலும் செம்மறியாடுகள். வந்திருந்த 12 பேரில் பெரும்பாலானோர் ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர். தமிழர் நாங்கள் மட்டுமே. கைத்தொலைபேசிகளை ஒரு கூடையில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இங்கே எழுதுவது இரண்டாம் நாளைப் பற்றி மட்டும்.

காலை 7 மணிக்கு மௌன அமர்வு. எங்களில் இளையவன் வரவில்லை. மனம் ஒப்பவில்லை என்று சொல்லி, வெளியே கல்மதிலில் இருந்து தன் வேதாகமத்தை வாசித்தான். ஆடுகள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றன. உள்ளே மந்திரமும் இல்லை, சிலையும் இல்லை. பயிற்றுவித்தவர் சொன்னது ஒன்றுதான்: மூச்சு வருவதையும் போவதையும் கவனியுங்கள், மனம் விலகினால் திரும்பி வாருங்கள். நாங்கள் மனதுக்குள் ஜெபிக்கலாம் என்று எண்ணியிருந்தோம். ஆனால் 2 நிமிடத்துக்குள் எங்கள் ஜெபம் ஒரு பட்டியலாகி, பட்டியல் வட்ஸ்அப் குழுவுக்குப் போய், அங்கிருந்து எப்படியோ மாஸ்டரிடம் போய் நின்றது.

மாஸ்டரை எங்கள் சபையில் அறியாதவர் இல்லை. யாழ்ப்பாணத்தில் படிப்பித்தவர். எங்கள் கிற்றார்க் குழு வரும்வரை கீர்த்தனைகளை எடுத்துக் கொடுத்தவர் அவர்தான், சுருதிப்பெட்டி மட்டும் வைத்துக்கொண்டு. உயிர்த்தெழுந்த ஞாயிறன்று தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனை ஒன்றை நாங்கள் 4 கோட்ஸில் அடக்கி, ட்ரம்ஸோடு வேகமாக எடுத்தோம். பிள்ளைகள் கைதட்டினார்கள். மூன்றாம் சரணத்தில் மாஸ்டர் புத்தகத்தை மூடிவிட்டார். ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, "பிள்ளையள், எனக்கு மூச்சுக் காணாது" என்றார். அதற்கு அடுத்த ஞாயிறு முதல் அவர் பின்வரிசையில்தான் இருக்கிறார்.

அவர் குறை சொல்கிறார் என்றே எடுத்துக்கொண்டோம். இளையோர் செய்கிற எதுவும் பிடிக்காத ஆள் என்று வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தும் இருக்கிறோம். ஈடேலில் அந்தக் காலையில், சொந்த மூச்சை எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் அவர் சொன்னது காதில் விழுந்தது. எண்பதைத் தாண்டிய மனிதர் தன் மூச்சைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறார். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் நாங்கள் இடமே விடவில்லை.

10 மணிக்குக் களஞ்சியத்தில் கிற்றார் வகுப்பு. கோடை என்றாலும் கல்லுக்குள் நல்ல குளிர். சூடான அறையிலிருந்து கொண்டுபோன கிற்றார்கள் எல்லாம் சுருதி ஏறிவிட்டன. குளிரில் உருக்குத் தந்தி சுருங்கி இறுகிவிடும். ரியூனரைத் தொடாமல் காதால் சரிசெய்யச் சொன்னார்கள். ஞாயிறு தோறும் வாசிக்கிற எங்களுக்கு அது எவ்வளவு நேரம் எடுத்தது என்பதை இங்கே எழுத விரும்பவில்லை.

பிறகு ஒரு பயிற்சி. ஆறாவது தந்தியை, அதாவது தடித்த தந்தியை, ஒருமுறை மீட்டிவிட்டுக் கண்ணை மூட வேண்டும். சத்தம் கேட்பது நின்றதும் கையை உயர்த்த வேண்டும். முதலில் கை உயர்த்தியவர்கள் நாங்கள் மூவருமே. கடைசியாக உயர்த்தியவர் காதில் கருவி மாட்டியிருந்த ஒரு முதியவர். எப்படி என்று கேட்டோம். "எனக்கு எதுவும் தானாகக் கேட்பதில்லை, தேடிப்போய்த்தான் கேட்க வேண்டும்" என்றார். பத்துப் பன்னிரண்டு முறை திரும்பத் திரும்ப மீட்டினோம். தந்தி அடங்கிவிட்டது என்று நினைத்த பிறகும் மரத்துக்குள் ஏதோ இருந்தது. கிற்றார் கையில் எடுத்த இத்தனை வருடத்தில் ஒரு தந்தியையும் நாங்கள் தானாக அடங்க விட்டதில்லை. அதற்குள் அடுத்த அடி விழுந்துவிடும்.

மதிய உணவு மௌனமாக. சூப்பும் பாணும். கரண்டிச் சத்தத்தில் சின்னத்தம்பிக்குச் சிரிப்பு வந்து, எங்கள் எல்லோருக்கும் பரவிவிட்டது. அதைப் பற்றி வேறு சொல்ல ஒன்றும் இல்லை.

பின்னேரம் புதிதாக ஒரு சுருதி காட்டினார்கள். ஆறாம், இரண்டாம், முதலாம் தந்திகளை ஒவ்வொரு முழுச்சுரம் இறக்கினால் டி, ஏ, டி, ஜி, ஏ, டி என்று வரும். 1960களில் டேவி கிரஹாம் என்ற ஆங்கிலேயக் கலைஞர், மொரோக்கோவில் ஊத் வாத்தியக்காரரோடு சேர்ந்து வாசிக்கப் போய்ப் பரப்பியது என்று கற்பித்தவர் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா எல்லாத் தந்தியையும் ஒருமுறை மெதுவாகத் தடவினாள். ச, ப, ச, ம, ப, ச. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். அது மாஸ்டரின் சுருதிப்பெட்டி. காந்தாரமே இல்லாததால் மேஜர் என்றும் இல்லை, மைனர் என்றும் இல்லை. எந்த இராகத்தையும் மேலே வைக்கலாம், ஒரு கோட்டும் அதை இழுத்துப் பறிக்காது.

இரவு ஒவ்வொருவரும் ஒரு பாட்டு வாசிக்க வேண்டும். அதே கீர்த்தனையை எடுத்தோம். வரிக்கு வரி தந்தி அடங்கும்வரை காத்திருந்தோம். பல்லவியும் முதற் சரணமும் நன்றாகப் போயின. இரண்டாம் சரணத்தில் மூவருமே நின்றுவிட்டோம். சொற்கள் தெரியவில்லை. ஆலயத்தில் திரையைப் பார்த்துத்தானே பாடுகிறோம். மிச்சத்தை வாய்மூடி முனகி முடித்தோம். அவர்களுக்குத் தமிழ் தெரியாதபடியால் எல்லோரும் கைதட்டினார்கள். எங்களுக்கு வெட்கமாயிருந்தது.

திரும்பி வந்து, சொன்னபடி போதகரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். மதிலில் இருந்து சங்கீதம் வாசித்தாலே போதும், அந்த அமர்வு தேவையில்லை என்று சின்னத்தம்பி இன்னும் சொல்கிறான். மற்ற இருவருக்கும் அது உதவியது. இதில் நாங்கள் ஒத்துப்போகவில்லை. போதகர் இரு பக்கத்தையும் கேட்டுவிட்டு, "மாஸ்டரிட்டப் போனியளோ?" என்று மட்டும் கேட்டார்.

வியாழன் மாலை ஹரோவில் உள்ள அவர் வீட்டுக்குப் போனோம். மன்னிப்புக் கேட்கத் தயார்படுத்திக்கொண்டு போன வசனம் வாசலிலேயே குழம்பிப்போனது. அவர் கிற்றாரைத்தான் பார்த்தார். "ஏன் தந்தியை இப்பிடித் தளர்த்தி வைச்சிருக்கிறியள்?" என்றார். மீட்டிக் காட்டினோம். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டார். "இன்னும் ஒரு கட்டை இறக்கு. என்ர குரல் இப்ப அவ்வளவுக்கு ஏறாது."

ஆறு தந்தியையும் மறுபடி இறக்க நேரம் எடுத்தது. அவர் பேசாமல் காத்திருந்தார். பிறகு பாடினார். ஒவ்வொரு வரிக்குப் பிறகும் நீளமாக ஒரு மூச்சு, சிலவேளை இரண்டு. நாங்கள் தந்தியை அடங்க விட்டோம். இரண்டாம் சரணத்தைப் புத்தகம் இல்லாமலே பாடினார்; அக்கா அதைத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

ஞாயிறு முன்வரிசைக்கு வருவாரா என்று கேட்க வாய் வரவில்லை. புறப்படும்போது, அடுத்த வியாழனும் வரச் சொன்னார். கிற்றாரை வீட்டிலேயே சுருதி சேர்த்துக்கொண்டு வரும்படியும் சொன்னார்.