எங்கள் ரீச்சருக்கும் ஒரு பொன்னாடை

புலமைப்பரிசில் பரீட்சையில் பிள்ளைகள் சித்தியடைந்தால், படிப்பித்த ஆசிரியருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். நல்லதுதான். நாலாம் தரம் வரை தன் பெயரையே எழுதத் தெரியாதிருந்த என் மகனை வாசிக்க வைத்த ரீச்சருக்கு மட்டும் எந்த மேடையிலும் கதிரை இல்லை.

அவனை "மொக்கன்" என்றார்கள். "யுத்தத்தில அடிபட்ட குடும்பம், அப்பிடித்தான் இருக்கும்" என்றவர்களும் உண்டு. எங்கள் வீடுகளில் எதற்கும் அந்த ஒரு காரணம் போதும்! ரீச்சர்தான் சொன்னார்: "அக்கா, இவன் கெட்டிக்காரன். எழுத்துத்தான் பிடிபடுதில்லை." கணக்கை வாயால் சொல்வான், எழுதினால் ல, ள, ழ எல்லாம் ஒன்றாகிவிடும்.

இதைக் கற்றல் இடர்பாடு என்கிறார்கள். 1963இல் அமெரிக்காவில் பெற்றோர் கூடிய மாநாட்டில் சாமுவேல் கேர்க் என்ற அறிஞர் முன்வைத்த பெயராம். சென்னையில் 1991இல் தொடங்கிய மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் இதற்கென்றே ஆசிரியர்களைப் பயிற்றுகிறது.

ரீச்சர் சுளகில் குச்சவெளிக் கடற்கரை மணலைப் பரப்பினார். ஒலியைச் சொல்லிச் சொல்லி விரலால் எழுத வைத்தார். ஏடு தொடக்கும்போது அரிசியில் எழுதுவோமே, அதுபோல. கண், காது, கை மூன்றும் சேர்ந்தால் எழுத்து மனதில் நிற்குமாம். ஓரெழுத்துக்குச் சிலவேளை ஒரு கிழமை போகும். இன்று பத்திரிகைத் தலைப்பை எழுத்துக்கூட்டி வாசிக்கிறான்.

மற்ற ஆசிரியர்களுக்கும் அவரே காட்டிக்கொடுத்தார். இப்போது மூன்று வகுப்புகளில் சுளகு இருக்கிறது. நாளைக்கு அவருக்கு இடமாற்றம் வந்தால்? அவர் செய்ததைப் பாடசாலைப் பதிவில் எழுதுங்கள், மேலிடத்துக்கும் அறிவியுங்கள் என்று தாய்மார் ஐந்து பேர் கையொப்பமிட்டுக் கடிதம் கொடுத்தோம். "பார்ப்போம்" என்றார்கள். மாதக் கடைசியில் பெற்றோர் கூட்டம். மறுபடி கேட்போம்.